கதவில்லாத கோட்டை

அண்மையில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். பேரப்பிள்ளைகளின் விருப்பத்துக்காக வரவேற்பறையில் மீன்தொட்டி ஒன்று வைத்திருக்கிறார். இரண்டரை அடி நீளமான தொட்டி. அடியில் நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமிட்ட கற்கள். நடுவில் கோபுரங்களும் கொத்தளங்களும் கொண்ட ஐரோப்பியப் பாணிக் கோட்டை ஒன்று. பிளாஸ்டிக்கில் வார்த்தது. தொட்டியின் மூன்றில் ஒரு பங்கை அது பிடித்துக்கொண்டிருந்தது.

தொட்டியில் இருந்தவை இரண்டு மீன்கள். வெளிறிய உடலில் கறுப்புப் பட்டைகள் கொண்ட 'கொன்விக்ட் சிக்லிட்' என்ற இனம். பழைய காலத்துச் சிறைக்கைதியின் கோடுபோட்ட உடையை நினைவூட்டுவதால் வந்த பெயர். பெரிய மீன் கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தது. சிறியது வடிகட்டியின் குழாய்க்கும் கண்ணாடி மூலைக்கும் இடையே தலைகீழாகச் செருகிக்கொண்டு நின்றது. அதன் வால் கிழிந்திருந்தது.

"அது பயந்த சாதி. எந்த நேரமும் உப்பிடித்தான் நிக்கும்" என்றார் நண்பர்.

பயந்த மீன் இவ்வளவு பெரிய கோட்டைக்குள் ஏன் போகவில்லை என்று குனிந்து பார்த்தேன். கோட்டையின் வாயில் வெறும் வர்ணம். சாளரங்களும் அப்படியே. ஒரு மீன் நுழைவதற்கு அதில் ஒரு துவாரமும் இல்லை.

கோட்டையை வாங்கிய கடையில், மீன் ஒளிப்பதற்கு ஏதும் வேண்டாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் இது: "ஐயா, மீன் ஒளிச்சுக்கொண்டால் பிறகு காசு குடுத்து வாங்கி என்னத்தைப் பார்க்கிறது?"

இந்தக் கேள்விக்கு எதிராகவே இதனை எழுதுகிறேன். நாட்டில் வேறு எத்தனையோ விடயங்கள் இருக்க, இந்த மனிதர் ஒரு மண் பூச்சாடிக்காக வழக்காட வந்துவிட்டாரே என்று வாசகர்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டுத் தொடர்ந்து வாசியுங்கள். அந்தக் கேள்விக்குள் இருப்பது மீனைப் பற்றிய அறியாமை மட்டுமன்று. காசு கொடுத்தவனுடைய கண்ணுக்காகவே இன்னோர் உயிர் இருக்கிறது என்ற எண்ணமும் அதற்குள் இருக்கிறது.

முதலில் மீனின் பக்கத்தைப் பார்ப்போம். கொன்விக்ட் சிக்லிட் மத்திய அமெரிக்காவின் ஆறுகளிலும் ஓடைகளிலும் வாழ்வது. கற்களுக்கு இடையிலும் வேர்களுக்கு அடியிலும் உள்ள பொந்துகளே அதன் வீடு. பெண் மீன் பொந்தின் சுவரில் முட்டைகளை ஒட்டி, செட்டைகளால் நீரை விசிறிக் காக்கும். ஆண் எல்லையில் காவல் நிற்கும். முட்டைகள் ஏறத்தாழ மூன்று நாட்களில் பொரிக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்னரும் தாயும் தந்தையும் சேர்ந்தே அவற்றை மேய்க்கும். ஆனால், பெண் இணங்காத வேளையில் ஆண் அதனைத் துரத்தும், கடிக்கும். ஆற்றில் என்றால் பெண் ஓடித் தப்பிவிடும். இரண்டரை அடித் தொட்டியில் எங்கே ஓடும்? ஓட இடமில்லாத மீனுக்கு ஒளிய இடமாவது வேண்டும். அதுவும் இல்லையென்றால் வால் கிழியும், கண் போகும், ஈற்றில் ஒருநாள் காலையில் மீன் மிதக்கும். "தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று காரணம் சொல்லிப் புதிதாக ஒன்றை வாங்கி வந்து விடுவோம். கடைக்காரருக்கு இதில் நட்டம் எதுவும் இல்லை.

இது ஒரு மீனின் கதை மட்டுமன்று. மேற்கு ஆபிரிக்காவின் கிரிபென்சிஸ் குகைக்குள்தான் முட்டையிடும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த, முகத்தில் மீசை முளைத்தது போன்ற அன்சிஸ்ட்ரஸ் கெளிற்றில், பொந்துக்குள் முட்டைகளைக் காத்துக் கிடப்பது ஆண்தான். ஆபிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் ஐந்து சென்ரிமீற்றர்கூட வளராத ஒரு சிறிய சிக்லிட், வெறுமையான நத்தை ஓடுகளுக்குள் குடும்பம் நடத்துகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான சிக்லிட் இனங்கள் மூன்றே மூன்று. அவற்றுள் இரண்டு நமது களப்புகளில் வாழ்கின்றன. ஒன்று கேரளத்தில் கரிமீன் என்று பெயர்பெற்றது. மற்றையது அதைவிடச் சிறிய மஞ்சள் நிற மீன். இவையும் கல்லிலோ கட்டையிலோ முட்டைகளை ஒட்டிவைத்துத் தாயும் தந்தையுமாகக் காவல் நிற்பவை. மறைப்பும் ஒதுக்கும் தேடுவது மீனின் கோழைத்தனம் அன்று. அதன் வாழ்க்கை முறையே அதுதான்.

இனி, எதிர்த்தரப்பின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுப்போம்.

மறைவிடம் வைத்தால் மீனைப் பார்க்க முடியாது என்பது முதல் வாதம். மீன் வளர்த்துப் பழகிய எவரைக் கேட்டாலும் இதற்கு நேர்மாறாகவே சொல்வார். ஓடி நுழைய ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் துணிந்து வெளியே வரும். இடமில்லாத மீன் மூலையில் உறைந்து நிற்கும், நிறம் மங்கும், உணவை மறுக்கும். தொடர்ந்து அச்சத்திலிருக்கும் மீனை நோய் இலகுவில் பற்றிக்கொள்ளும்.

இது மற்றவர்களைவிட நமக்கு எளிதில் விளங்க வேண்டும். போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வீட்டு வளவுகளில் பதுங்கு குழி வெட்டியவர்கள் நாங்கள். குழிக்குள்ளேயே யாரும் குடியிருக்கவில்லை. விமானத்தின் இரைச்சல் கேட்டால் ஓடி இறங்க ஓர் இடம் இருந்தது என்பதனால்தான் தாய்மார் அடுப்பங்கரையில் நின்றார்கள், பிள்ளைகள் முற்றத்தில் விளையாடினார்கள். குழி இல்லாத வீட்டில்தான் எல்லோரும் சுவரோடு ஒடுங்கிக் கிடந்தார்கள். மனிதத் துயரத்தையும் மீனையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். அச்சம் எப்படி வேலை செய்கிறது என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் அதை இன்னோர் உயிரில் காணும்போது அடையாளம் கண்டுகொள்ள வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

மண்சாடி அழகில்லை என்பது இரண்டாவது வாதம். யாருடைய கண்ணுக்கு? இளஞ்சிவப்புக் கல்லும், மூடித் திறக்கும் புதையல் பெட்டியும், கண்ணில் விளக்கெரியும் மண்டையோடும் அழகென்று யார் முடிவு செய்தார்கள்? சுட்ட மண் நீருக்குள் போனால் இரண்டு மூன்று மாதங்களில் அதன் சிவப்பு அடங்கும். மெல்லிய பாசி படரும். நத்தைகளும் மீன்களும் அதை மேயும். அதன் நுண்துளைகளில், அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் குடியேறும். அந்த வேலையின் பெரும்பகுதியை வடிகட்டியே செய்கிறது என்பது உண்மை. ஆனாலும் சாடி சும்மா இருப்பதில்லை. அரை ஆண்டில் அது ஆற்றில் கிடந்த கல்லைப் போலாகிவிடும். பிளாஸ்டிக் கோட்டையோ வர்ணம் உரிந்து, அரை ஆண்டில் குப்பையைப் போலாகிவிடும்.

அழகைப் பேசும்போது குயவரையும் பேச வேண்டும். கொழும்பு - கண்டி வீதியில் கேகாலைக்கு அண்மையில் மொலகொடை என்ற இடத்தைக் கடந்தவர்கள், வீதியோரம் அடுக்கிவைக்கப்பட்ட மட்பாண்டங்களைக் கண்டிருப்பீர்கள். சட்டியின் இடத்தை அலுமினியம் பிடித்தது. குடத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்தது. பூச்சாடிகூட இன்று பிளாஸ்டிக்கில் வந்துவிட்டது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாடு இது. அந்த வரிசைகளை மறப்பதற்கிடையில், கடல் கடந்துவந்த கதவில்லாத கோட்டைக்குக் காசு கொடுக்கிறோம். விளிம்பு உடைந்ததனால் விலைபோகாத சாடிகள் குயவரின் கொட்டிலில் கிடக்கின்றன. ஒரு சோற்றுப் பார்சலின் விலைக்கும் குறைவாக அவற்றில் ஒன்றை வாங்கலாம். உடைந்த விளிம்பு மீனுக்குக் குறையன்று. வாசலில் பாதி அங்கே ஏற்கெனவே திறந்திருக்கிறது.

மூன்றாவது வாதம்தான் கனமானது. வீட்டில் செய்த பொருள் ஆபத்தானது, கடையில் வாங்குவதே பாதுகாப்பானது என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. கண்ட சாடியையும் தூக்கித் தொட்டியில் போட்டு மீனைக் கொன்றவர்கள் உண்டு. ஆகவே, செய்ய வேண்டியதைத் திருத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

சாடி புதிதாக இருக்க வேண்டும். மண் நிரப்பிப் பயிர் வளர்த்த பழைய சாடி வேண்டாம். பசளையின் உப்பும் பூச்சிநாசினியும் அதன் துளைகளில் ஊறியிருக்கும். கழுவினாலும் முற்றாகப் போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மினுக்கம் பூசியதும் வர்ணம் தீட்டியதும் வேண்டாம். மினுக்கப் பூச்சுகளில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும். வெறும் சுட்ட மண்ணே வேண்டும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்த சாடி. மந்தமாக ஒலித்தால் வேகாததாகவோ கீறல் விழுந்ததாகவோ இருக்கும். வேகாத மண் நீரில் கரையும்.

சில துளி வினாகிரியைச் சாடியின் மேல் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. அது நஞ்சன்று. ஆனால், நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் உயர்த்தும். மென்னீர் விரும்பும் மீன்களுக்கு அது ஆகாது. நுரைக்காத சாடியைத் தெரிந்துகொள்வதே நல்லது.

கழுவும்போது சவர்க்காரம் தொடக்கூடாது. மண் அதை உறிஞ்சி வைத்திருந்து தொட்டியில் கக்கும். தூரிகையும் வெறும் நீரும் போதும். பின்னர் ஒருநாள் முழுவதும் நீரில் ஊறவிட்டு அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். அவிக்க விரும்பினால் சாடியைக் குளிர்ந்த நீரில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். கொதிநீரில் திடீரென இட்டால் வெடித்துவிடும்.

குகை ஆக்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வேலையே இல்லாத வழி. சாடியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து மூன்றில் ஒரு பங்கை மணலில் புதைத்துவிடுவது. இரண்டாவது, சாடியை நெடுக்காக இரண்டாக அறுப்பது. இரவு முழுவதும் ஊறவைத்த சாடியை இரும்பறுக்கும் வாளால் அவசரமின்றி அறுத்தால் இரண்டு வளைவுகள் கிடைக்கும். உலர்ந்த சாடியை அறுக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கூடாது. மூன்றாவது, சாடியைக் கவிழ்த்து வைத்து, விளிம்பில் குறட்டால் சிறிது சிறிதாக நறுக்கி ஒரு வாசல் திறப்பது. இதில் மேலே வரும் வடிகால் துவாரம் நீரோட்டத்துக்கு உதவும். நீர் தேங்கும் குகையில் அழுக்கும் தேங்கும்.

அந்த வடிகால் துவாரம்தான் பலர் கவனியாத பொறி. மீன் தலையை நுழைத்துவிட்டால் செவுள் மூடியும் செட்டை முள்ளும் மாட்டிக்கொள்ளும். பின்வாங்க முடியாமல் அங்கேயே சாகும். துவாரம் மீனின் தலை நுழையாத அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும் அல்லது உடல் முழுவதும் தாராளமாகக் கடக்கும் அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும். இரண்டுங்கெட்டான் அளவென்றால் ஒரு கூழாங்கல்லைச் சிலிக்கோன் பசையால் ஒட்டி அடைத்துவிடுங்கள். பூஞ்சணம் பிடிக்காதிருக்க மருந்து கலந்த குளியலறைப் பசையைப் பாவிக்கக்கூடாது. மீன்தொட்டிக்கென விற்கப்படுவதையே வாங்க வேண்டும். ஒட்டியபின் இரண்டு நாட்களாவது உலரவிடுங்கள். அதன் புளித்த மணம் முற்றாக நீங்கிய பின்னரே தொட்டிக்குள் வைக்கலாம்.

அறுத்த விளிம்பை அரத்தாளால் தேயுங்கள். அரத்தாள் இல்லையென்றால் சொரசொரப்பான சீமெந்துத் தரையில் நீர் ஊற்றித் தேய்த்தாலும் போதும். தேய்த்து முடிந்ததும் சிறிது பஞ்சை விளிம்பு நெடுக இழுத்துப் பாருங்கள். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே மீனின் செட்டையும் கிழியும்.

வைக்கும் முறையும் முக்கியம். மணலின் மேல் சாடியை வைத்தால், தோண்டும் பழக்கமுள்ள மீன் அடி மணலைப் பறித்துவிடும். சாடி சரிந்து மீனை நசுக்கும் அல்லது கண்ணாடியில் மோதும். ஆகவே, சாடியை முதலில் தொட்டியின் அடித்தளத்தில் இருத்தி, பிறகு சுற்றிவர மணலை இடுங்கள். மீன் உள்ளே போய்த் திரும்பி வரும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும். இரண்டு மீன்களென்றால் மூன்று குகைகள் வையுங்கள். வாசல்கள் ஒன்றையொன்று பாராதிருக்கட்டும்.

இவ்வளவுதான். ஒரு பிற்பகல் வேலை. இதைச் செய்யத் தெரியாதவர் கடையில் வாங்கட்டும். அதை நான் தடுக்கவில்லை. தகுந்த பொருளில் செய்த, உண்மையான வாசலுள்ள குகைகளும் கடைகளில் உண்டு. நான் எதிர்ப்பது பிளாஸ்டிக் என்ற பொருளை மட்டுமன்று. மீனுக்கென்று சொல்லி மனிதனுக்கு விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

எல்லா மீனுக்கும் குகை வேண்டும் என்றும் நான் வாதிடவில்லை. பருத்த உடலும் பிதுங்கிய கண்ணும் கொண்ட தங்கமீனுக்குக் குகை உதவாது. அது முட்டி மோதிக் காயப்படும். கப்பி போன்ற சிறு மீன்களுக்குச் செடிகளே போதிய மறைப்பு. அதுபோல, குகை வைத்துவிட்டேன் என்பதற்காகப் பத்து மீன் வாழும் தொட்டியில் முப்பதை அடைப்பதும் நியாயமாகிவிடாது. சண்டைக்காரச் சோடியைச் சிறு தொட்டியில் இட்டுவிட்டுச் சாடி காப்பாற்றும் என்றிருப்பதும் மடமை. எந்த மீனை வாங்குகிறோம், அது எங்கே எப்படி வாழ்வது என்று கேட்டறிவதே முதல் கடமை. சாடி இரண்டாவது.

இதெல்லாம் புதிதாகக் கிளம்பிய மேலைநாட்டுச் செல்லப்பிராணிப் பாசம் என்று சிலர் ஒதுக்கக்கூடும். இலங்கையில் மிருகவதைத் தடைச் சட்டம் 1907இல் இயற்றப்பட்டது. 'விலங்கு' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தந்த வரைவிலக்கணத்தில், அடைத்து வைக்கப்பட்ட மீனும் அடங்கும். வண்டி மாடுகளும் குதிரைகளும் வீதியை நிறைத்திருந்த காலத்தில் சட்டம் எழுதியவர்களுக்கே மீன் நினைவுக்கு வந்திருக்கிறது. நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்பும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று "ஒளித்தால் எதைப் பார்ப்பது" என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நண்பரின் வீட்டுக்கு இரண்டு நாட்கள் கழித்து மூன்று சாடிகளோடு போனேன். ஒன்றை அவரே அறுத்தார். கைநடுக்கத்தில் கோணலாகத்தான் போயிற்று. பேரன் பஞ்சை இழுத்துப் பார்த்து, "இன்னும் சிக்குது தாத்தா" என்று சொல்லிச் சொல்லி மூன்று தடவை தேய்க்க வைத்தான். கோட்டையை வெளியே எடுத்தோம். சிறிய மீன் அன்று மாலைவரை குழாயின் பின்னாலேயே நின்றது. மறுநாள் காலையில் அது கவிழ்த்துவைத்த சாடிக்குள் இருந்ததாக நண்பர் தொலைபேசியில் சொன்னார்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது, உணவிடும் வேளையில் அது மேலே வந்தது. பெரியது துரத்தினால் சாடிக்குள் நுழைந்து, சற்று நேரத்தில் மீண்டும் எட்டிப் பார்த்தது. கிழிந்த வால் பெரும்பாலும் வளர்ந்துவிட்டது. இடது கண்ணில் மட்டும் வெண்மை படர்ந்திருந்தது. முன்பு அது மூலையில் தலைகீழாக நின்றதனால் எங்களுக்கு அந்தக் கண் தெரியவில்லை. அது இனித் தெளியாது என்றே நினைக்கிறேன். சாடியை ஒரு மாதம் முந்தி வைத்திருந்தால் அந்தக் கண் தப்பியிருக்கும்.